ஸ்டீரியோஸ்கோப் - இரண்டு லென்ஸும் ஒரு குவியத்தூரமும்

வ்யூ மாஸ்டர் என்றால் 1970, 80களில் பள்ளிக்கூடம் போனவர்களுக்கு உடனே ஞாபகம் வந்துவிடும். கைக்கு அடக்கமான ஒரு பிளாஸ்டிக் பெட்டி, பக்கத்தில் ஒரு விசை, உள்ளே வட்டமான ஒரு அட்டை. விசையை அழுத்தினால் 'டக்' என்ற சத்தத்தோடு அடுத்த படம் வந்து நிற்கும். படம் என்று கூடச் சொல்ல முடியாது. கோயில் தூண் கையை நீட்டினால் தொட்டுவிடலாம் போல முன்னால் நிற்கும், அதற்குப் பின்னால் மண்டபம், அதற்கும் பின்னால் கோபுரம்!

அந்தப் பெட்டியை உடைத்துப் பார்த்தவர்களுக்கு ஏமாற்றம்தான் மிஞ்சியிருக்கும். உள்ளே இரண்டு சின்ன லென்ஸ், ஒரு ஸ்பிரிங், அவ்வளவுதான். மின்சாரம் இல்லை, மோட்டார் இல்லை. ஆனால் அந்த இரண்டு லென்ஸுக்குப் பின்னால் கிட்டத்தட்ட 200 வருட வரலாறு இருக்கிறது. அந்த வரலாற்றில் ஒரு எண் மட்டும் திரும்பத் திரும்ப வருகிறது. அது லென்ஸின் குவியத்தூரம். கண்ணுக்குத் தெரியும் ஆழம் உண்மையான ஆழமா, இழுத்து நீட்டிய ஆழமா, தட்டையாக்கிய ஆழமா என்பதைப் பெருமளவு தீர்மானிப்பது அந்த எண்தான்.

வீட்ஸ்டோன் முதல் ஹோம்ஸ் வரை

மனிதனின் இரண்டு கண்களுக்கும் இடையே சுமார் 63 முதல் 65 மி.மீ. தூரம் இருக்கிறது. அதனால் ஒரே பொருளை இரண்டு கண்ணும் கொஞ்சம் வேறு வேறு கோணத்தில் பார்க்கின்றன. ஒரு விரலை மூக்குக்கு நேரே நீட்டி, ஒரு கண்ணை மாற்றி ஒரு கண்ணை மூடினால் விரல் இடம் மாறுவது தெரியும். இந்த வித்தியாசத்தை வைத்துத்தான் மூளை தூரத்தைக் கணக்குப் போடுகிறது என்பதைச் சோதனை செய்து காட்டியவர் இங்கிலாந்தின் சார்லஸ் வீட்ஸ்டோன். 1838-ல் லண்டன் ராயல் சொசைட்டியில் அவர் தன் கட்டுரையைப் படித்தார். இரண்டு கண்ணாடிகளை சாய்த்து வைத்து, இடது கண்ணுக்கு ஒரு கோட்டுப்படம், வலது கண்ணுக்கு இன்னொரு கோட்டுப்படம் காட்டினார். மூளை இரண்டையும் சேர்த்து ஒரு கனச்சதுரமாகப் பார்த்தது. ஸ்டீரியோஸ்கோப் என்ற பெயரும் அவர் வைத்ததுதான்.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம், புகைப்படக்கலை உலகத்துக்கு அறிவிக்கப்பட்டதே 1839-ல்தான். அதாவது படம் எடுக்கும் கருவிக்கு முன்பே படம் பார்க்கும் கருவி வந்துவிட்டது!

வீட்ஸ்டோனின் கருவி பெரியது, மேசை மேல் வைத்துத்தான் பார்க்க வேண்டும். ஸ்காட்லாந்து விஞ்ஞானி டேவிட் புரூஸ்டர் 1849-ல் கண்ணாடிக்குப் பதில் லென்ஸ் வைத்து, கையில் பிடிக்கும் பெட்டியாகச் சுருக்கினார். பாரீஸில் டுபோஸ்க் என்பவர் அதைச் செய்து 1851 லண்டன் மகா கண்காட்சிக்குக் கொண்டு வந்தார். விக்டோரியா ராணிக்கு அது பிடித்துப்போனது. அப்புறம் கேட்க வேண்டுமா? 1854-ல் தொடங்கிய லண்டன் ஸ்டீரியோஸ்கோபிக் கம்பெனி இரண்டே வருடத்தில் 5 லட்சம் கருவிகளை விற்றதாகச் சொல்கிறார்கள்.

அடுத்த மாற்றம் அமெரிக்காவில். ஆலிவர் வென்டல் ஹோம்ஸ் ஒரு மருத்துவர், எழுத்தாளரும் கூட. பெட்டியே வேண்டாம் என்று தூக்கிப் போட்டுவிட்டு, ஒரு கைப்பிடி, ஒரு நீளமான கட்டை, அதில் முன்னும் பின்னும் நகரும் அட்டை தாங்கி, முகத்தில் வைக்க ஒரு மறைப்பு - இவ்வளவு மட்டும் வைத்து ஒரு கருவி செய்தார். 1861 வாக்கில் பாஸ்டன் நகரத்து வியாபாரி ஜோசப் பேட்ஸ் அதைச் சந்தைக்குக் கொண்டு வந்தார். ஹோம்ஸ் இதற்குக் காப்புரிமை வாங்கவில்லை, வேண்டுமென்றேதான் வாங்கவில்லை. அதனால் யார் வேண்டுமானாலும் செய்யலாம், விலை மலிவாக ஆனது. இன்றைக்குப் பழைய பொருள் கடைகளில் கிடைக்கும் ஸ்டீரியோஸ்கோப்புகளில் பெரும்பாலானவை இந்த வகைதான். வணிகவியல் பாடத்தில் காப்புரிமை என்றாலே லாபத்துக்குப் பாதுகாப்பு என்று வரும். காப்புரிமை வாங்காததால் ஒரு பொருள் உலகம் முழுக்கப் பரவியதற்கு ஹோம்ஸின் கருவி நல்ல உதாரணம்.

1858: தமிழ்நாட்டுக்கு வந்த இரட்டைப் படம்

இந்த ஜுரம் நம் ஊருக்கு வர அதிக நாள் ஆகவில்லை. லின்னேயஸ் டிரைப் என்ற ஆங்கிலேயர் (1822-1902) கிழக்கிந்தியக் கம்பெனியின் மதராஸ் படையில் அதிகாரி. 1855-ல் பர்மாவுக்குப் போன தூதுக்குழுவோடு சென்று படம் எடுத்தவர். 1856-ல் மதராஸ் அரசாங்கம் இவரைத் தன் அதிகாரபூர்வப் புகைப்படக்காரராக நியமித்தது. 1857 டிசம்பர் கடைசியில் புறப்பட்டு ஸ்ரீரங்கம், திருச்சி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் என்று நாலைந்து மாதம் சுற்றினார். மாட்டு வண்டியில் பெரிய கேமரா, ரசாயனம், தண்ணீர் எல்லாம் ஏற்றிக்கொண்டு, தெற்கத்தி வெயிலில்!

டிரைப்பின் பெரிய அளவுப் படங்கள்தான் அதிகம் பேசப்படுகின்றன. தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டுகளை வரிசையாக எடுத்து, 21 படங்களை ஒட்டி 19 அடிக்கு மேல் நீளமான ஒரே படமாக்கியது அவருடைய சாதனை. ஆனால் அதே பயணத்தில் அவர் ஸ்டீரியோ படங்களும் எடுத்தார். மதுரைக்கு ஒரு தொகுப்பு, திருச்சி, தஞ்சை மற்றும் சுற்றுவட்டாரத்துக்கு ஒரு தொகுப்பு என்று 1858-ல் அவை வெளிவந்தன. தமிழ்நாட்டுக் கோயில்களும் கோட்டைகளும் முதன்முதலில் ஆழத்தோடு பதிவான காலம் அது என்று சொல்லலாம்.

அந்த ஆழம் ஏன் முக்கியம்? 1858-ல் இருந்த பல விஷயங்கள் இன்றைக்கு அப்படியே இல்லை. ஸ்ரீரங்கத்துக்குப் போகிறவர்கள் அண்ணாந்து பார்க்கும் தெற்கு ராஜகோபுரம் அப்போது முற்றுப்பெறாத மொட்டைக் கட்டடமாக நின்றது. அது கட்டி முடிக்கப்பட்டது 1987-ல்தான். மதுரை திருமலை நாயக்கர் மகால் இடிந்து கிடந்தது. 1866 முதல் 1872 வரை மதராஸ் கவர்னராக இருந்த நேப்பியர் பிரபு காலத்தில்தான் அதைப் பழுது பார்த்தார்கள். அந்தப் பழைய மகாலில் எந்தத் தூண் முன்னால், எந்தச் சுவர் பின்னால், இடையில் எவ்வளவு இடம் என்று கேட்டால் சாதாரணப் படம் சரியாகப் பதில் சொல்லாது. இரட்டைப் படம் சொல்லும். ஆனால் சரியான லென்ஸ் வழியாகப் பார்த்தால் மட்டுமே!

டிரைப்பின் கதை சோகமாக முடிந்தது. 1859-ல் கவர்னராக வந்த சார்லஸ் டிரெவெல்யன் இந்தப் புகைப்பட வேலையை ஆடம்பரச் செலவு என்று கருதினார். அலுவலகம் மூடப்பட்டது. அன்றைக்கு வீண் செலவு என்று கணக்கு எழுதப்பட்ட அந்தப் படங்களுக்கு 2014-15-ல் வாஷிங்டன், நியூயார்க், லண்டன் அருங்காட்சியகங்கள் தனிக் கண்காட்சியே வைத்தன.

வீட்டு வாசலில் விற்ற உலகம்

அடுத்த அலை பெரிய வியாபாரம். எல்மர் அண்டர்வுட், பெர்ட் அண்டர்வுட் என்ற சகோதரர்கள் 1880களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் ஸ்டீரியோ அட்டைகளை வீடு வீடாக விற்கத் தொடங்கினார்கள். கல்லூரி மாணவர்களை விடுமுறையில் விற்பனையாளர்களாக அனுப்பியது இவர்களுடைய தந்திரம். படிப்புச் செலவுக்குப் பணம் தேவைப்படும் மாணவன் வாசலில் வந்து நின்றால் எந்த வீட்டில் கதவைச் சாத்துவார்கள்? 1901 வாக்கில் நாள் ஒன்றுக்கு 25,000 அட்டைகள், வருடத்துக்கு 3 லட்சம் கருவிகள் என்று தொழில் வளர்ந்ததாகச் சொல்வார்கள்.

இவர்களுக்காக இந்தியாவைப் படம் பிடித்தவர் ஜேம்ஸ் ரிக்கால்டன். நியூ ஜெர்சியில் பள்ளி ஆசிரியராக இருந்தவர். இவருடைய முந்தைய வேலை இன்னும் சுவாரசியம். மின்விளக்கின் உள்ளே எரியும் இழைக்கு நல்ல மூங்கில் தேடி 1888-ல் தாமஸ் எடிசன் இவரை ஆசியாவுக்கு அனுப்பினார். இலங்கை, இந்தியா என்று ஒரு வருடம் மூங்கில் தேடி அலைந்த மனிதர், பிறகு அதே நாடுகளுக்குக் கேமராவோடு வந்தார். இந்தியா பற்றிய 100 ஸ்டீரியோ அட்டைகளும் அவருடைய வழிகாட்டிப் புத்தகமும் 1907-ல் வெளிவந்தன.

அண்டர்வுட் நிறுவனம் புத்தகத்தோடு வரைபடங்களும் கொடுத்தது. ஒவ்வொரு அட்டைக்கும் கேமரா நின்ற இடத்திலிருந்து 'வி' வடிவில் இரண்டு கோடுகள் பிரியும். அந்தக் கோடுகளுக்கு நடுவே இருப்பதுதான் படத்தில் தெரியும். பார்க்கிறவர் அந்த இடத்திலேயே நிற்பது போல உணர வேண்டும் என்பது நோக்கம். அந்தக் கோடுகளின் விரிவு கேமரா லென்ஸின் குவியத்தூரத்தைப் பொறுத்தது. வீட்டில் இருக்கும் ஸ்டீரியோஸ்கோப் அதே விரிவில் படத்தைக் காட்டினால்தான் "அங்கேயே நிற்கிறோம்" என்ற உணர்வு பொய்யாகாமல் இருக்கும்.

குவியத்தூரம் என்னதான் செய்கிறது?

ஒரு குவிலென்ஸ் வெகு தூரத்திலிருந்து வரும் ஒளியை எவ்வளவு தள்ளி ஒரு புள்ளியில் சேர்க்கிறதோ அதுதான் குவியத்தூரம். இதைத் திருப்பிப் போட்டால், அந்தத் தூரத்தில் ஒரு படத்தை வைத்து லென்ஸ் வழியாகப் பார்த்தால், அது வெகு தொலைவில் இருப்பது போல், கண்ணுக்குச் சிரமம் இல்லாமல் தெரியும். கண்ணாடிக் கடையில் சொல்லும் 'பவர்' இதே கணக்குதான். 1000-ஐ குவியத்தூரத்தால் (மி.மீ.) வகுத்தால் பவர். 200 மி.மீ. லென்ஸ் என்றால் பவர் 5. 45 மி.மீ. என்றால் 22-க்கு மேல்!

பொதுவாகப் பார்த்தால், புரூஸ்டர் பெட்டிகளில் சுமார் 150 மி.மீ., ஹோம்ஸ் கருவிகளில் சுமார் 190 முதல் 200 மி.மீ., வ்யூ மாஸ்டரில் சுமார் 45 மி.மீ., வான்வழிப் படம் பார்க்கும் மடக்குக்கால் ஸ்டீரியோஸ்கோப்பில் சுமார் 100 மி.மீ. குவியத்தூரம் இருக்கும். கருவிக்குக் கருவி கொஞ்சம் மாறும். அதனால்தான் அளந்து பார்க்க வேண்டியிருக்கிறது.

இதில் ஒரு எளிய விதி உண்டு. கேமரா லென்ஸின் குவியத்தூரமும் பார்க்கும் லென்ஸின் குவியத்தூரமும் சமமாக இருந்தால் (படத்தைப் பெரிதாக்கியிருந்தால் அதே மடங்கு பெருக்கிக்கொள்ள வேண்டும்) உருவம் இயல்பாகத் தெரியும். பார்க்கும் லென்ஸ் நீளமானதாக இருந்தால் ஆழம் இழுத்து நீட்டியது போல் தெரியும், நாலு தூண் மண்டபம் நீண்ட பிராகாரம் போல் ஆகிவிடும். குட்டையாக இருந்தால் ஆழம் நசுங்கி, அட்டையில் வெட்டி நிறுத்திய பொம்மைகள் போல் ஆகிவிடும்.

1947-ல் அமெரிக்காவில் வந்த ஸ்டீரியோ ரியலிஸ்ட் கேமராவின் லென்ஸ் 35 மி.மீ., அதன் பார்வைப் பெட்டியின் லென்ஸ் 44 மி.மீ. வகுத்தால் 1.26. அதாவது அசல் ஆழத்தைவிட கால் பங்கு நீண்டு தெரியும். வ்யூ மாஸ்டர் நிறுவனம் 1952-ல் விற்ற சொந்தக் கேமராவின் லென்ஸ் 25 மி.மீ. அதை 45 மி.மீ. லென்ஸ் வழியாகப் பார்த்தால் 1.8 மடங்கு. குழந்தைகளுக்குப் பிடித்த அந்த "ஆஹா" ஆழத்தில் கொஞ்சம் மிகைப்படுத்தலும் இருக்கிறது.

வ்யூ மாஸ்டர் இந்தியா வந்த கதை

ஆர்கன், பியானோ சரி செய்யும் தொழிலாளி வில்லியம் குரூபர், தபால் அட்டை விற்கும் சாயர்ஸ் கம்பெனியின் ஹரால்ட் கிரேவ்ஸ் - இந்த இருவரும் 1938-ல் ஓரிகன் குகைகள் அருகே தற்செயலாகச் சந்தித்ததில் பிறந்தது வ்யூ மாஸ்டர். 1939-ல் சந்தைக்கு வந்தது. ஒரு வட்டில் 14 துண்டுப் படங்கள், அதாவது 7 காட்சிகள். படத்தின் அளவு விரல் நகம் அளவுதான். அதனால்தான் லென்ஸின் குவியத்தூரம் அவ்வளவு குறைந்தது. சின்னப் படத்தைப் பெரிதாக்க வேண்டுமே!

இந்தியாவில் பம்பாயைச் சேர்ந்த படேல் இந்தியா நிறுவனம் வ்யூ மாஸ்டரைக் கொண்டு வந்தது. இந்தியக் கோயில்கள், ஊர்கள், புராணக் கதைகள் என்று உள்ளூர் வட்டுகள் வந்தன. பழைய வட்டுகள் கோடாக்ரோம் பிலிமில் இருந்ததால் இன்றும் நிறம் மாறாமல் இருக்கின்றன. பின்னால் மலிவான பிலிமுக்கு மாறிய காலத்து வட்டுகள் சிவந்துபோய்விட்டன. செலவைக் குறைத்ததன் விலையை முப்பது வருடம் கழித்துத் தெரிந்துகொள்ளும் கதை இங்கேயும்.

அளப்பது எப்படி?

பழைய கருவியைக் கழற்றக் கூடாது. மரச்சட்டம் உடைந்தால் திரும்ப வராது. கழற்றாமலே அளக்க வழி இருக்கிறது.

ஹோம்ஸ் வகைக் கருவி என்றால், படம் வைக்கும் இடத்தில் ஒரு வெள்ளை அட்டையைச் செருகவும். முகம் வைக்கும் பக்கத்தை ஜன்னல் வழியாக வெகு தூரத்தில் இருக்கும் ஒரு பொருளை நோக்கிப் பிடிக்கவும். நெய்வேலி நகரியத்தில் இதற்குப் பஞ்சமே இல்லை. பல வீடுகளின் மாடியிலிருந்து அனல்மின் நிலையத்தின் புகைபோக்கி தெரியும். (1962-ல் மின் உற்பத்தியைத் தொடங்கிய முதல் அனல்மின் நிலையம் 2020-ல் மூடப்பட்டுவிட்டது. இப்போது புகைவிடுவது அதற்குப் பின் வந்தவை.) அட்டை தாங்கியை மெல்ல நகர்த்தினால் ஓர் இடத்தில் புகைபோக்கி தலைகீழாக, துல்லியமாக அட்டையில் விழும். ஒன்றல்ல, இரண்டு புகைபோக்கி! லென்ஸிலிருந்து அட்டை வரை ஸ்கேல் வைத்து அளந்தால் குவியத்தூரம் கிடைத்துவிட்டது.

தூரத்துப் பொருள்தான் வேண்டுமா, அறையில் இருக்கும் டியூப்லைட் போதாதா? போதாது. கணக்கு இதுதான்: 1/குவியத்தூரம் = 1/பொருளின் தூரம் + 1/பிம்பத்தின் தூரம். 200 மி.மீ. லென்ஸ், 3 மீட்டர் தள்ளி டியூப்லைட் என்றால் பிம்பம் விழுவது 214 மி.மீ.-ல். 14 மி.மீ. பிழை! அதே லென்ஸுக்கு ஒரு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் புகைபோக்கி என்றால் பிழை 0.04 மி.மீ. ஸ்கேலில் தெரியவே தெரியாது. 45 மி.மீ. லென்ஸுக்கு டியூப்லைட் கொடுக்கும் பிழை 0.7 மி.மீ. மட்டுமே. லென்ஸ் குட்டையாக இருந்தால் அறையே போதும், நீளமாக இருந்தால் வானம் வேண்டும்.

இந்தச் சோதனையில் இன்னொரு லாபம் இருக்கிறது. அட்டையில் விழுந்த இரண்டு புகைபோக்கிகளுக்கும் இடையே உள்ள தூரத்தையும் அளக்கவும். அது கண்களின் இடைவெளியான 65 மி.மீ.-ஐ விட அதிகமாக, 80 மி.மீ.-க்குப் பக்கத்தில் இருக்கும். காரணம், பழைய ஸ்டீரியோஸ்கோப் லென்ஸ்கள் முழு லென்ஸ் இல்லை. ஒரு பெரிய லென்ஸை இரண்டாக வெட்டி, தடித்த பக்கம் வெளியே, மெல்லிய பக்கம் மூக்கை நோக்கி இருக்கும்படி வைத்தவை. லென்ஸின் உண்மையான மையம் கண்ணுக்கு நேரே இல்லாமல் வெளிப்பக்கம் தள்ளி இருக்கிறது. 89 க்கு 178 மி.மீ. அட்டையில் இரண்டு படங்களின் மையங்களுக்கு இடையே உள்ள தூரமும் கண் இடைவெளியை விட அதிகம். வெறும் கண்ணால் பார்த்தால் கண்களை வெளிப்பக்கம் விரிக்க வேண்டும், அது யாராலும் முடியாது. அரை லென்ஸ் அந்த ஒளியை வளைத்து நேராக்கிவிடுகிறது. லென்ஸ் உருப்பெருக்கியாகவும் பட்டகமாகவும் இரண்டு வேலை செய்கிறது. புரூஸ்டரின் யோசனையில் இருந்த கெட்டிக்காரத்தனம் இதுதான்.

வ்யூ மாஸ்டரில் லென்ஸ் உள்ளே அடைத்திருப்பதால் அட்டையை நகர்த்த முடியாது. அதற்கு வேறு வழி. ஒரு கண்ணால் வ்யூ மாஸ்டர் படத்தைப் பார்க்க வேண்டும், இன்னொரு கண்ணைத் திறந்து வைத்து எதிர்ச்சுவரைப் பார்க்க வேண்டும். படம் சுவர் மேல் ஒட்டியது போல் தெரியும். அதன் இடது ஓரமும் வலது ஓரமும் சுவரில் எங்கே விழுகிறது என்று ஒருவர் பென்சிலால் குறிக்கட்டும். சுவர் 3000 மி.மீ. தூரம், பிலிம் துண்டின் அகலம் 12 மி.மீ., சுவரில் குறித்த அகலம் 800 மி.மீ. என்று வைத்துக்கொண்டால், 3000 x 12 / 800 = 45. லென்ஸைத் தொடாமலே குவியத்தூரம் வந்துவிட்டது!

ஆழத்தின் மேல் வாழும் ஊர்

நெய்வேலிக்கும் ஸ்டீரியோஸ்கோப்புக்கும் கோயில், சுற்றுலாவைத் தாண்டி இன்னொரு பொருத்தம் உண்டு. இந்த ஊரின் பிழைப்பே ஆழம். 1930களில் ஜம்புலிங்க முதலியார் தன் நிலத்தில் கிணறு வெட்டியபோது வந்த கறுப்புப் பொருளில் தொடங்கியது கதை. 1956-ல் நிறுவனம் பதிவானது, 1957 மே 20-ல் நேரு சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார், 1961 ஆகஸ்டில் பழுப்பு நிலக்கரி வெளியே தெரிந்தது. அதன் மேல் இருந்த 50 மீட்டருக்கும் அதிகமான மண்ணை அள்ளிய பிறகுதான் அது தெரிந்தது. அந்த மண்ணின் மேல் இருந்த கிராமங்கள், கிணறுகள், முந்திரித் தோப்புகள் எல்லாம் இடம் பெயர்ந்தன அல்லது இல்லாமல் போயின.

நிலத்தின் மேடு பள்ளத்தை மேலிருந்து படிக்க உலகம் முழுக்கப் பயன்பட்ட கருவி ஸ்டீரியோஸ்கோப்தான். விமானம் நேர்கோட்டில் பறந்தபடியே வரிசையாகப் படம் எடுக்கும். ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் சுமார் 60 சதவீதம் பொதுவாக இருக்கும். அந்த இரண்டையும் பக்கத்தில் வைத்து மடக்குக்கால் ஸ்டீரியோஸ்கோப்பில் பார்த்தால் ஓடை, மேடு, பாறைப் பிளவு எல்லாம் எழுந்து நிற்கும். அந்தக் கருவியின் கால்களின் உயரம் கிட்டத்தட்ட லென்ஸின் குவியத்தூரமேதான். மேசையில் நிறுத்தினாலே படம் சரியான தூரத்தில் வந்துவிடும். பெரிய படங்களுக்கு லென்ஸோடு கண்ணாடிகளும் சேர்த்த கருவி வந்தது. அதாவது 1838-ன் வீட்ஸ்டோன் மறுபடியும் மேசைக்கு வந்துவிட்டார்!

இந்தக் கலையைக் கற்பிக்கவே நெதர்லாந்தின் உதவியோடு 1966-ல் டேராடூனில் இந்தியப் புகைப்பட விளக்க நிறுவனம் தொடங்கப்பட்டது. இன்றைய இந்தியத் தொலையுணர்வு நிறுவனம் அதன் வழி வந்ததுதான். 2005 மே 5-ல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போன கார்ட்டோசாட்-1 செயற்கைக்கோளிலும் இரண்டு கேமராக்கள், ஒன்று முன்னால் சாய்ந்து, ஒன்று பின்னால் சாய்ந்து. கருவி மாறியிருக்கிறது, இரண்டு கண் தத்துவம் மாறவில்லை.

வான்வழிப் படத்தில் ஒரு எச்சரிக்கையும் உண்டு. இரண்டு படங்கள் எடுத்த இடங்களுக்கு நடுவே கிலோமீட்டர் கணக்கில் தூரம் இருக்கும். ஒரு ராட்சதனின் இரண்டு கண் மாதிரி. அதனால் உயரம் மூன்று நான்கு மடங்கு மிகைப்பட்டுத் தெரியும். சின்ன மேடு மலை போலவும், சாதாரணப் பள்ளம் அதலபாதாளம் போலவும் காட்டும். படிப்பவருக்குக் கருவியின் அளவு தெரிந்திருந்தால் கழித்துக்கொள்வார். தெரியாவிட்டால் கண்ணை நம்பி ஏமாறுவார்.

கைபேசியில் பழைய படம்

2014 ஜூனில் கூகுள் ஒரு அட்டைப்பெட்டியைக் கொடுத்தது. கார்ட்போர்டு என்றே பெயர். உள்ளே 45 மி.மீ. குவியத்தூரமுள்ள இரண்டு லென்ஸ், முன்னால் கைபேசியைச் செருக இடம். புரூஸ்டரின் பெட்டிதான், வேறொன்றும் இல்லை! 2021-ல் கூகுள் அதன் விற்பனையை நிறுத்திவிட்டது. ஆனால் வடிவமைப்பை முன்பே பொதுவில் விட்டுவிட்டதால் இன்றும் யாரும் செய்துகொள்ளலாம். ஹோம்ஸ் செய்ததைப் போலவே.

இப்போது அருங்காட்சியகங்கள் பழைய ஸ்டீரியோ படங்களை இணையத்தில் வைத்திருக்கின்றன. அதை இறக்கி, கைபேசித் திரை முழுக்க நிரப்பி, இந்தப் பெட்டியில் பார்ப்பதுதான் வழக்கம். இங்கேதான் தப்பு நடக்கிறது. அந்தக் காலத்துக் கேமரா லென்ஸ் சுமார் 150 மி.மீ. என்று கொள்வோம். 75 மி.மீ. அகலப் படத்தை 60 மி.மீ. ஆக்கித் திரையில் வைத்து 45 மி.மீ. லென்ஸில் பார்த்தால், அது அசல் படத்தை 56 மி.மீ. லென்ஸில் பார்ப்பதற்குச் சமம். 150-க்குப் பதில் 56! ஆழம் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். மகாலின் தூண் வரிசை சுவரில் வரைந்தது போலாகிவிடும். பார்த்தவர், "பழைய காலத்து த்ரீடி இவ்வளவுதானா?" என்று பெட்டியைக் கீழே வைத்துவிடுவார். தப்பு டிரைப்பினுடையது இல்லை, லென்ஸினுடையது.

தீர்வு சுலபம். 45-ஐ 150-ஆல் வகுத்தால் 0.3. படத்தை அசலில் 0.3 பங்காகச் சிறிதாக்க வேண்டும். 75 மி.மீ. படம் சுமார் 22 மி.மீ. ஆகும். இரண்டு சின்னப் படங்களையும் பெட்டியின் லென்ஸ் மையங்களுக்கு நேரே வைத்து, மீதித் திரையைக் கறுப்பாக விட்டால் போதும். படம் சின்னதாகத் தெரியும், ஆனால் ஆழம் திரும்பி வந்துவிடும்.

வீட்டுப் பரணில் பழைய வ்யூ மாஸ்டரோ, தாத்தா காலத்து மர ஸ்டீரியோஸ்கோப்போ இருந்தால் குப்பையில் போடும் முன் ஒரு வெள்ளை அட்டையும் ஸ்கேலும் எடுத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போகலாம். அளந்த எண்ணை ஒரு சீட்டில் எழுதிக் கருவியின் அடியில் ஒட்டி வைத்தால் இன்னும் நல்லது. மரம் உளுத்துப்போகலாம், லென்ஸ் உடையலாம். அந்த எண் இருந்தால், அதில் பார்த்த படங்களை எப்படிப் பார்க்க வேண்டும் என்பது பின்னால் வருகிறவர்களுக்குத் தெரியும்.